மொட்டை மாடி வானமும் ஜவ்வாது மலை வானமும்

பணி ஓய்வுக்குப் பிறகு வானம் பார்க்கப் பழக நினைப்பவரிடம் எல்லாரும் ஒரே யோசனையைத்தான் சொல்கிறார்கள்: “ஊர் வெளிச்சத்தில் என்ன தெரியும்? ஏதாவது மலைக்குப் போங்கள்.” திருவேற்காட்டுக்காரருக்கு இது சரியாகவே தோன்றும். கிழக்கே சென்னை பைபாஸும் அதற்கப்பால் மாநகரமும்; மேற்கே வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை. நடுவில் இருக்கும் நம் மாடியிலிருந்து பால்வீதி தெரிவதில்லை. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தள்ளி, ஜவ்வாது மலையின் காவலூரில் அது தலைக்கு மேலே பரந்து கிடக்கிறது. இருந்தாலும், அறுபதைக் கடந்து தொடங்குபவர் முதலில் ஏற வேண்டியது மாடிப்படிதான் என்பேன்.

காவலூரின் பெருமையை நான் குறைக்கவில்லை. வானியலாளர் வேணு பாப்பு ஆய்வுக்கூடத்துக்காகத் தேர்ந்தெடுத்த இடம் அது. 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு. அங்கே 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது, 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977இல் கண்டறிந்ததில் காவலூருக்கும் பங்கு உண்டு. ஆனால் புதியவர் ஒருவர் அந்த இருட்டில் அண்ணாந்து பார்த்தால் ஆயிரக்கணக்கான புள்ளிகள். எதிலிருந்து தொடங்குவது? தெரிந்த நட்சத்திரம்கூடக் கூட்டத்தில் தொலைந்துபோகும்.

திருவேற்காட்டு வெளிச்சம் மங்கலானவற்றை மறைத்து, பெரியவற்றை மட்டும் விட்டுவைக்கிறது. அந்தப் பெரியவற்றின் பெயர்களோ நம் வீட்டு தினசரி காலண்டரிலேயே இருக்கின்றன. ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை: நான்கும் நிலா நடக்கும் பாதையை ஒட்டியவை, நான்கும் நகர வெளிச்சத்தைத் தாண்டித் தெரிபவை. ‘இன்று ரோகிணி’ என்று காலண்டர் சொல்லும் இரவில், நிலாவுக்கு அருகே செம்மஞ்சளாக ஒளிர்வது ரோகிணி. மறுநாள் அதே நேரத்துக்கு நிலா கிழக்கே ஏறக்குறைய 13 பாகை நகர்ந்திருக்கும். இந்த நகர்வைக் கண்ணால் பிடித்துவிட்டவருக்கு வானத்தின் வழி பிடிபட்டுவிடும். அதற்கு வேண்டியது இருட்டு அல்ல, அடுத்தடுத்த இரவுகள். வருடத்துக்கு ஒருமுறை போகும் மலை அதைத் தராது. அறுபது வருடம் ஜாதகத்திலும் திருவிழாவிலும் கேட்டுப் பழகிய பெயர்கள் வேறு கைவசம் இருக்கின்றன. இளைஞருக்கு இல்லாத வசதி இது.

வயதுக்கணக்கும் உண்டு. இளமையில் இருட்டில் 7 மி.மீ. வரை விரியும் கண்மணி, அறுபதுகளில் 5 மி.மீ. அளவுக்குத்தான் விரியும், பலருக்கு இன்னும் குறைவு. அதனால் 7x50 பைனாகுலர் அனுப்பும் 7 மி.மீ. ஒளிக்கற்றையில் பாதி வீணாகும். 10x50 அனுப்புவது 5 மி.மீ.தான், நம் கண்ணுக்கு அதுவே பொருத்தம். சாய்வு நாற்காலியில் சாய்ந்து, முழங்கையை ஊன்றிப் பிடித்தால் ஆட்டமும் குறையும், கழுத்தும் வலிக்காது. நிலாவின் பள்ளங்கள், வியாழனின் நான்கு துணைக்கோள்கள், கார்த்திகைக் கொத்து ஆகியவற்றை மாடியிலிருந்தே பார்க்கலாம். இவற்றுக்குத் தெருவிளக்கு பெரிய தடையில்லை.

மலை ஜெயிக்கும் இடமும் உண்டு. இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருப்பதால் நட்சத்திரங்கள் ஒன்றேதான். லண்டன்காரர் ஒருநாளும் பார்க்க முடியாத அகத்தியர் நட்சத்திரம் இரண்டிடத்திலும் உதிக்கிறது. ஆனால் ஒமேகா சென்டாரி என்னும் பெரும் விண்மீன் கொத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரை மாத இரவில் தெற்கே 30 பாகை உயரத்தில் நிற்கும் அது, திருவேற்காட்டில் பைனாகுலரிலும் ஒரு மங்கல் திட்டுதான். காவலூரில் வெறுங்கண்ணுக்கே தெரியும். பால்வீதிக்கோ மாடியில் மாற்றே கிடையாது.

இந்த இரண்டு வழிகளுக்கும் பாலமாக நிற்பவர் வங்கத்தின் ராதா கோவிந்த சந்திரா. ஜெசோர் கருவூலத்தில் வேலை பார்த்தவர். 1910இல் ஹாலி வால்நட்சத்திரத்தைச் சிறிய பைனாகுலரில் பார்த்துத் தொடங்கினார். பிறகுதான் 3 அங்குலத் தொலைநோக்கி வாங்கினார். ஒளி மாறும் விண்மீன்களை எழுபது வயது கடந்தும் கவனித்து, 37,000க்கும் மேற்பட்ட பதிவுகளை அமெரிக்கச் சங்கம் ஒன்றுக்கு அனுப்பினார். அந்தச் சங்கம் அவருக்குக் கொடுத்த 6 அங்குலத் தொலைநோக்கி, பின்னாளில் வேணு பாப்புவின் கைக்கு வந்து காவலூர் சேர்ந்தது. வீட்டிலிருந்தபடி இரவு தவறாமல் பார்த்ததுதான் அவரை அறிஞர்கள் மதிக்கும் பார்வையாளராக்கியது.

ஆகவே, தை பிறந்து மழை மேகம் விலகியதும் மாடியில் தொடங்குங்கள். ஒரு டஜன் நட்சத்திரங்களைப் பெயர் சொல்லிக் காட்ட முடிகிறபோது, அமாவாசையை ஒட்டிய ஒரு சனிக்கிழமை காவலூருக்குக் கிளம்புங்கள். பார்வையாளர் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள், இரவோடு இரவாகத் திரும்பாமல் வாணியம்பாடியில் தங்கிவிடுங்கள்.