கேமராவைத் தூக்கியது யார்?

திருப்பூரிலிருந்து காங்கயம் ரோட்டைப் பிடித்தால் நல்லூர். அங்கே ஏதாவது ஒரு பனியன் கம்பெனிக்குள் நுழைந்து, "எடையைக் குறைக்க என்னங்க வழி?" என்று கேட்டுப் பாருங்கள். டயட், வாக்கிங் என்றெல்லாம் யாரும் உபதேசம் செய்ய மாட்டார்கள். "எத்தனை ஜி.எஸ்.எம். வேணுங்க?" என்பார்கள்!

துணியை ரவுண்ட் கட்டரால் 100 சதுர சென்டிமீட்டருக்கு வட்டமாக வெட்டி, குட்டித் தராசில் போடுவார்கள். 1.8 கிராம் காட்டினால், அதை நூறால் பெருக்கி 180 ஜி.எஸ்.எம். என்பார்கள். ஒரு சதுர மீட்டர் துணிக்கு அவ்வளவு கிராம். வெயில் காலத்துச் சட்டைக்கு ஒரு எடை, பனிக்காலத்துச் சட்டைக்கு ஒரு எடை. லேசாகவும் இருக்கணும், கிழியவும் கூடாது. அந்த ஊர் பிழைப்பே இந்தக் கயிற்றின் மேல் நடப்பதுதான்.

இதே பஞ்சாயத்து கேமரா உலகத்திலும் உண்டு. வாரம் பூராவும் மெஷின் சத்தத்தில் கிடந்துவிட்டு, லீவு கிடைத்ததும் வால்பாறைக்கோ வெள்ளியங்கிரிக்கோ கிளம்புகிற இளைஞர்களைக் கேளுங்கள். தோளில் ஒரு பெரிய டி.எஸ்.எல்.ஆர்., பையில் இரண்டு லென்ஸ். இரண்டாவது மலையிலேயே கழுத்து கழன்றுவிடும். "இதை வித்துட்டு சின்னதா ஒரு மிரர்லெஸ் வாங்கிடலாமா?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

பதில் சொல்லலாம். அதற்கு முன்னால், கேமராவின் கனத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

1857 டிசம்பர். கொங்கு நாட்டுக்கு ரயில் வராத காலம். பெங்களூரிலிருந்து ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி தெற்கு நோக்கிக் கிளம்புகிறார். பெயர் லினேயஸ் ட்ரைப். மெட்ராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபர்! ராயக்கோட்டை, சேலம் பக்கம், ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று நீள்கிற பயணம். அவருடைய சாமான்கள் எதில் வந்தன? மாட்டு வண்டிகளில்!

ஒரு கேமராவுக்கு எதற்கு மாட்டு வண்டி என்கிறீர்களா? அன்றைக்குப் படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜ் வேலை நடைமுறையில் இல்லை. நெகட்டிவ் என்ன சைஸோ அதே சைஸ்தான் படம். ட்ரைப்புக்குச் சுமார் 12க்கு 15 அங்குலத்தில் படம் வேண்டும். அப்படியானால் நெகட்டிவும் அவ்வளவு பெரிது. அதை உள்ளே வைத்துக்கொள்ள ஒரு பெட்டி வேண்டும். கூடவே முக்காலி, ரசாயனப் புட்டிகள், தட்டுகள், கூடாரம்! கேமராவின் எடைக்குக் காரணம் கண்ணாடியோ மரமோ அல்ல, படத்தின் அளவு. இந்த ஒரு வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தார் ட்ரைப். விமானத்தின் அடிப்பாகத்தில் ஓடுகிற கல்வெட்டைப் படம் பிடிக்க வேண்டும். ஒரே படத்தில் அடங்குமா? துண்டு துண்டாக எடுத்தார். 21 படங்களை ஒட்டினார். மொத்த நீளம் 19 அடிக்கு மேல்! இன்றைக்குச் செல்போனைக் கையில் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் கிடைக்கிற பனோரமாவை, 1858-ல் அந்த மனிதர் மெழுகு தடவிய காகித நெகட்டிவ்களில் சாதித்தார்.

கடைசியில் என்ன ஆச்சு? 1859-ல் மெட்ராஸ் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் கணக்குப் பார்த்தார். இதெல்லாம் ஆடம்பரச் செலவு, நிறுத்துங்கள் என்றார். கடை மூடப்பட்டது. கனம் என்றால் முதுகு வலி மட்டுமல்ல, காசும்தான்!

அடுத்தவர் சாமுவேல் போர்ன். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பேங்க் குமாஸ்தா. வேலையை விட்டுவிட்டு 1863-ல் இந்தியா வந்தவர். கல்கத்தாவில் 2016 வரை நடந்த 'போர்ன் அண்ட் ஷெப்பர்ட்' ஸ்டூடியோவின் பெயரில் பாதி இவர்தான். மனிதருக்கு இமயமலைப் பைத்தியம்.

அவர் கையாண்டது ஈரத் தட்டு முறை. கண்ணாடித் தட்டில் ரசாயனத்தைப் பூச வேண்டும். ஈரம் காய்வதற்குள் படம் எடுக்க வேண்டும். காய்வதற்குள் கழுவியும் ஆகவேண்டும். அதாவது, இருட்டறையையும் மலைமேல் தூக்கிக்கொண்டு போகணும்! சிம்லாவிலிருந்து கிளம்பிய முதல் பயணத்தில் சுமார் 30 கூலிகள். அடுத்த வருடம் காஷ்மீருக்கு 42 பேர். 1866-ல் மூன்றாவது பயணம். அதில் சுமை தூக்கியவர்கள் ஏறக்குறைய 80 பேர். அந்தப் பயணத்தில்தான் மணிராங் கணவாயில் 18,600 அடி உயரத்தில் படம் எடுத்தார். அடுத்த இருபது வருடத்துக்கு அவ்வளவு உயரத்தில் வேறு யாரும் கேமராவைத் திறக்கவில்லை.

போர்னின் படங்களைப் பார்த்தால் இன்றைக்கும் மூச்சு நின்றுவிடும். ஆனால் அவர் பத்திரிகைக்கு எழுதிய பயணக் கட்டுரைகளைப் படித்தால் வேறு மாதிரி மூச்சு நிற்கும். பாதி வழியில் கூலிகள் சுமையைப் போட்டுவிட்டு ஓடிப்போகிறார்கள். போர்ன் கையில் தடியோடு கிராமத்துக்குள் தேடிப் போகிறார். வீட்டுக்குள் ஒளிந்திருந்தவர்களைக் கண்டுபிடித்து, அந்தத் தடிக்கு வேலை கொடுக்கிறார். இதை வேறு யாரோ கோள் சொல்லவில்லை. அவரே எழுதியிருக்கிறார், கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல்!

யோசித்துப் பாருங்கள். 18,600 அடி சாதனையில் போர்ன் பெயர் இருக்கிறது. கண்ணாடித் தட்டுகளை உடையாமல் முதுகில் சுமந்து, பனியில் ஏறிய அந்த 80 பேர்? ஒருத்தர் பெயரும் சாதனைக் கணக்கில் இல்லை. கேமரா கனமாக இருந்த காலம் முழுக்க, படம் எடுப்பவர் ஒருவர், தூக்குபவர் இன்னொருவர். காட்சி அவருக்கு, கனம் இவருக்கு.

இந்த ஏற்பாட்டை உடைத்தது யார்? பெரிய புரட்சிக்காரர் யாருமில்லை. ஒரு மூச்சிரைப்பு நோயாளி!

ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக் என்று ஒரு மெக்கானிக். 1879-ல் பிறந்தவர். ஆஸ்துமா. மலைக்காட்டில் நடப்பதும் படம் எடுப்பதும் அவருக்கு உயிர். ஆனால் 13க்கு 18 சென்டிமீட்டர் தட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினால், அந்த உயிரே போய்விடும் போலிருந்தது. 80 கூலி வைக்க அவர் என்ன ஜமீன்தாரா?

ட்ரைப் கதையில் ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அந்த வரியைத்தான் பர்னாக் பிடித்தார். எடைக்குக் காரணம் படத்தின் அளவு. அப்படியென்றால் நெகட்டிவைச் சின்னதாக எடுத்து, பிறகு படத்தைப் பெரிதாக்கினால் என்ன? 1911-ல் வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் மைக்ராஸ்கோப் கம்பெனியில் சேர்ந்தார். சினிமாவுக்குப் பயன்படும் 35 மில்லிமீட்டர் பிலிம் கையில் கிடைத்தது. சினிமா பிரேமை இரண்டு மடங்காக்கி 24க்கு 36 மில்லிமீட்டர் என்று வைத்தார். 1914 வாக்கில் முதல் மாதிரி தயார். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம்!

நடுவில் உலகப் போர், அப்புறம் பண வீக்கம். "இந்த விளையாட்டுச் சாமானை யார் வாங்குவார்கள்?" என்று கம்பெனிக்குள்ளேயே சந்தேகம். முதலாளி எர்ன்ஸ்ட் லைட்ஸ் துணிந்து முடிவெடுக்க, 1925-ல் லைப்சிக் வசந்தச் சந்தையில் கடைக்கு வந்தது லைகா. இன்றைக்கு 'புல் பிரேம்' என்று விளம்பரங்களில் பெருமையாகப் போடுகிறார்களே, அது இந்த 24க்கு 36தான். ஒரு நோயாளியின் நெஞ்சுக்குத் தோதாக வெட்டிய அளவு, நூறு வருடம் தாண்டியும் சட்டமாக நிற்கிறது.

சரி, இவ்வளவு சின்னதாகிவிட்ட கேமரா மறுபடி ஏன் கனத்தது? ஒரு கண்ணாடியால்!

லென்ஸ் பார்ப்பதையே நம் கண்ணும் பார்க்க வேண்டும் என்பதற்காக, உள்ளே 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடியை வைத்தார்கள். அது வெளிச்சத்தை மேலே திருப்பும், மேலே ஒரு பட்டகம் அதைக் கண்ணுக்கு அனுப்பும். பட்டனை அழுத்தினால் கண்ணாடி 'டக்' என்று எழும்பி வழிவிடும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் கண்ணாடி எழும்ப இடம் வேண்டாமா? நிக்கான் கேமராவில் லென்ஸ் பொருத்தும் வளையத்துக்கும் பிலிமுக்கும் நடுவே 46.5 மில்லிமீட்டர் தூரம். அந்தக் காலி இடத்தைச் சுமக்கத்தான் அவ்வளவு பெரிய உடம்பு!

இதை முதலில் உறுத்தலாக எடுத்துக்கொண்டவர் ஜப்பானின் ஒலிம்பஸ் கம்பெனி வடிவமைப்பாளர் யோஷிஹிசா மைதானி. கண்ணாடியை வைத்துக்கொண்டே எவ்வளவு சுருக்கலாம் என்று பார்த்தார். 1972-ல் அவருடைய கேமரா வந்தபோது எடை சுமார் அரைக் கிலோதான். பெயர் எம்-1. "எம் எங்கள் எழுத்தாச்சே!" என்று லைகா தரப்பு ஆட்சேபிக்க, ஓம்-1 ஆனது. பெயர் வைப்பதில்கூட பர்னாக் வீட்டுக்காரர்கள் குறுக்கே வந்தார்கள், பாருங்கள்.

கண்ணாடியையே தூக்கி எறியும் நாள் டிஜிட்டல் வந்த பிறகுதான் வந்தது. சென்சாரே நேரடியாகத் திரைக்குக் காட்சி தரும்போது நடுவில் கண்ணாடி எதற்கு? 2008-ல் ஒலிம்பஸும் பானசோனிக்கும் சேர்ந்து புது முறையை அறிவித்தன. அதே வருடம் பானசோனிக் ஜி-1 வெளிவந்தது. 2013-ல் சோனி, புல் பிரேமையே கண்ணாடி இல்லாத உடம்புக்குள் வைத்தது. வளையத்திலிருந்து சென்சாருக்கு 18 மில்லிமீட்டர்தான். 2018-ல் நிக்கானும் அதைவிடக் குறைத்து 16 மில்லிமீட்டரில் வந்து நின்றது. நிக்கான், கேனான் இரண்டு கம்பெனியும் கடைசியாகப் புது டி.எஸ்.எல்.ஆர். கொண்டுவந்தது 2020-ல்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். மாற்றலாமா? மலைக்குத்தான் என்றால் தாராளமாக. ஆனால் நல்லூர் கணக்கை மறக்காதீர்கள். உடம்பு லேசானால் மட்டும் போதாது. புல் பிரேமுக்கான பெரிய ஜூம் லென்ஸ், மிரர்லெஸ்ஸிலும் கனம்தான். அங்கே கண்ணாடியைக் கழற்றியது உதவாது. நிஜமாகவே பை லேசாகணும் என்றால் சென்சார் அளவையும் குறைக்க வேண்டும். பர்னாக் செய்த அதே காரியம்! அடுத்தது பேட்டரி. நிக்கான் டி-850 ஒரு சார்ஜில் 1,840 படம் என்பது சோதனைக் கணக்கு. முதல் சோனி ஏ-7க்கு அது சுமார் 340. திரை சும்மா எரிவதில்லை, கரண்ட் குடிக்கும். பிற்பாடு வந்தவை எவ்வளவோ தேவலை. இருந்தாலும் கூடுதல் பேட்டரி இல்லாமல் ஏழு மலை ஏறாதீர்கள்.

"கனமான கேமராதான் நல்ல படம் தரும்" என்று ஒரு கட்சி உண்டு. அவர்கள் பக்கமும் ஒரு பெரிய மனிதர் இருக்கிறார், அதுவும் நம்ம ஊர்க்காரர். காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். 1970-ல் பத்மஸ்ரீ. ஒரு கம்பெனி உடம்பு, இன்னொரு கம்பெனி லென்ஸ் என்று தானே பொருத்திச் செய்த பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு யானைகளுக்கு முன்னால் போய் நின்றவர். அந்த ராட்சசக் கேமராவுக்கு அவரே வைத்த பெயர் 'சூப்பர் பாண்டரோசா'! கனத்தை அப்படிக் கிண்டல் செய்தவர், அதைக் கீழே வைக்கவில்லை. கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த முதுமலை யானைகளின் தோல் சுருக்கத்தை எண்ணலாம்.

ஆனால் கிருஷ்ணனுக்கும் போர்னுக்கும் ஒரு வித்தியாசம் கவனித்தீர்களா? கிருஷ்ணன் கனத்தைத் தானே விரும்பி ஏற்றார். யார் முதுகிலும் தடியால் ஏற்றவில்லை. கனமா, லேசா என்பது அவரவர் ருசி. யார் தூக்குகிறார்கள் என்பதுதான் சரித்திரம் கேட்கிற கேள்வி.

அந்தக் கணக்கில் பார்த்தால், சில கிராம் குறைந்தது வெறும் சௌகரிய விஷயம் இல்லை. மாட்டு வண்டியும் 80 ஆளும் தேவைப்பட்ட காலத்தில், மலை எப்படி இருக்கும் என்று சொல்லும் உரிமை வண்டி வைத்திருந்தவருக்கு மட்டும்தான். இன்றைக்கு கட்டிங் டேபிளில் நிற்கிற பையன், சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு செகண்ட் ஹேண்ட் மிரர்லெஸ் வாங்கி, தானே தூக்கி, தானே ஏறி, தானே எடுக்கிறான். சுமந்தவனும் பார்த்தவனும் ஒரே ஆள்!

இந்த மாற்றத்தின் முதல் வெளிச்சம் ட்ரைப் காலத்திலேயே விழுந்துவிட்டது. அவரோடு வேலை பார்த்தவர்களில் ஒருவர் பெயர் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. சி. அய்யாசாமி. உதவியாளராக இருந்து தொழிலைக் கற்றுக்கொண்டவர், பிறகு மெட்ராஸ் கலைப் பள்ளியில் தானே போட்டோகிராபரானார். வண்டியோட்டிய மற்றவர்கள் பெயரெல்லாம் போய், இவர் பெயர் மட்டும் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. கேமரா அவர் கைக்கு வந்தது.