இசைத்தட்டில் மேடைக்குரல்: தமிழ் இசைநாடகப் பதிவுகளின் ஒலித்தன்மை – மும்பையை முன்வைத்து ஒரு நோக்கு

தமிழ் இசைநாடக வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அச்சிடப்பட்ட பாட்டுப் புத்தகங்கள், நாடக அறிவிப்புகள், நடிகர்தம் நினைவுக் குறிப்புகள் ஆகியவற்றையே சான்றாகக் கொள்கின்றனர். இசைத்தட்டுகளும் எடுத்தாளப்படுகின்றன. ஆனால் தட்டில் கேட்கும் குரலை மேடைக் குரலாகவே கொள்ளும் போக்கு இன்றும் நீங்கவில்லை. அக்குரல் எவ்வாறு பதிவாயிற்று, எதை இழந்தது, பின்னர் எவ்வாறு மாற்றப்பட்டது என்னும் வினாக்களை இக்கட்டுரை எழுப்புகிறது.

இவ்வினாக்களுக்கு மும்பை பொருத்தமான களம் ஆகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னகத்திற்கு வந்த பார்சி நாடகக் குழுக்களின் தாயகம் அந்நகரமே. தமிழ்ப் பாட்டுப் புத்தகங்களில் பாடலின் தலைப்பில் காணப்படும் ‘பார்சி மெட்டு’ என்னும் குறிப்பு அவ்வரவின் தடயம் ஆகும். 1905–06ஆம் ஆண்டுகளில் ஆசியப் பயணம் மேற்கொண்ட பேக்கா நிறுவனப் பதிவாளர்கள் பம்பாயிலும் பதிவுகள் செய்தனர். பிற்காலத்தில் மாட்டுங்கா, தாராவி, செம்பூர்ப் பகுதிகளில் தமிழர் பெருமளவில் குடியேறினர். தாராவித் தமிழருள் பலருடைய சொந்த மண் நெல்லைச் சீமை என்பதும் இங்குக் கருதத்தக்கது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பிறந்ததும், எஸ்.ஜி. கிட்டப்பாவின் செங்கோட்டையை உள்ளடக்கியதுமான தென்பாண்டி நிலமே இசைநாடகத்தின் விளைநிலம்.

தொடக்கக் காலப் பதிவில் ஒலிவாங்கி இல்லை. பாடுவோர் ஒரு கூம்புக் குழாயின் வாய்க்கு நேராக நின்று உரக்கப் பாடுவார். ஒலியின் அழுத்தமே ஊசியை அசைத்து மெழுகில் தடம் பதிக்கும். இம்முறையில் ஏறத்தாழ 200 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளே ஓரளவு செம்மையாகப் பதிவாயின. மிருதங்கத்தின் தொப்பியொலி பெரிதும் மறைந்தது. கால்மிதி ஆர்மோனியம் நன்கு பிடிபட்டது. ‘ச’, ‘ஸ’ முதலிய உரசொலிகளுக்குரிய உயர் அதிர்வுகள் தட்டில் ஏறவே இல்லை.

மெல்லக் கமகம் பாடும் குரலைவிட, கடைசி வரிசைக்கும் எட்டுமாறு பழகிய நாடகக் குரலே இக்கூம்புக்கு உகந்ததாயிற்று. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில் உச்சத்தாயியில் பாடிப் பழகியவர்களுக்குப் பதிவறை புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. 1925இல் மேலைநாடுகளில் வழக்கிற்கு வந்த மின்பதிவு முறை அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இந்தியாவையும் அடைந்தது. ஒலிவாங்கி வந்தபின் பதிவின் எல்லை ஏறத்தாழ 5000 ஹெர்ட்ஸ் வரை விரிந்தது; மென்மையான குரலுக்கும் இடம் கிடைத்தது. கிட்டப்பா (1906–1933), கே.பி. சுந்தராம்பாள் (1908–1980) ஆகியோரின் புகழ் இசைத்தட்டு வழியே பரவியது இம்மாற்றத்தை ஒட்டிய காலத்தில்தான். கூம்புக்காகவும் கொட்டகைக்காகவும் உருவான குரல், அதைவிட நுண்ணிய கருவியின்முன் நின்றது எனலாம்.

அடுத்துக் கால அளவு. 10 அங்குலத் தட்டின் ஒருபுறம் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே ஓடும். இரவு தொடங்கி விடியும்வரை நிகழ்ந்த நாடகத்தை ‘டிராமா செட்’ என்ற பெயரில் பல தட்டுகளில் அடக்கி 1930களில் வெளியிட்டனர். ஆறு தட்டுகள் என்று கொண்டாலும் பன்னிரண்டு புறங்கள், அதாவது முப்பத்தாறு நிமிடங்கள்தாம். விருத்தம் சுருங்கியது, மறுமுறை கேட்கும் கரவொலியும் அதற்கு இணங்கி நீளும் ஆலாபனையும் இல்லாமற் போயின, வசனம் கதையை இணைக்கும் நூலாக மட்டும் நின்றது. ஒரு பாடலின் சரணங்களுள் எது தட்டில் விடுபட்டது என்பதைப் பாட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டே அறிய இயலும். அவ்வாறு ஒப்பிடும்போது தட்டு, பாடவேறுபாட்டுக்குரிய ஒரு சுவடியாகிறது. உரசொலி தெளியாத இடங்களில் காதால் கேட்டு எழுதிய சொல்லைப் பாடமாக ஏற்பது சுவடியின் சிதைந்த எழுத்தை ஊகித்து நிரப்புவதற்கு ஒப்பானது. நாடகப் பாடல் பதிப்பாசிரியர்கள் இதில் போதிய எச்சரிக்கை காட்டவில்லை.

இனிச் சுருதி. கிட்டப்பா ஐந்து கட்டைக்கும் மேல் பாடினார் என்பது போன்ற செய்திகளுக்கு இசைத்தட்டே சான்றாகக் காட்டப்படுகிறது. ‘எழுபத்தெட்டு’ என நாம் பொதுவாகக் கூறும் வேகம் எல்லாத் தட்டுக்கும் உரியதன்று. கொலம்பியா நிறுவனம் சில காலம் 80 என்றே தட்டின் முகப்பில் அச்சிட்டது. வேறு சில பதிவுகள் அதனினும் குறைந்த வேகத்தில் அமைந்தன. 80 சுற்றில் பதிவானதை 78இல் ஒலிக்கச் செய்தால் சுருதி கால் கட்டைக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். 74இல் பதிவானதை 78இல் ஓட்டினால் ஏறத்தாழ அரைக் கட்டை ஏறும். குரலும் இளமையாகத் தோன்றும். வேகத்தை உறுதிசெய்யாமல் கட்டைக் கணக்குக் கூறுவது வரலாறு ஆகாது. உடன் ஒலிக்கும் ஆர்மோனியம் இங்கு ஓரளவு கைகொடுக்கும். அக்கருவியின் கட்டைகள் நிலையானவை என்பதால் வேகத்தை மதிப்பிட வழியுண்டு. கருவியே சுருதி பிறழ்ந்திருந்தால் அதுவும் பயன்படாது.

தட்டுக்கு வெளியே நாடகக் குரல் சென்ற மற்றோர் இடம் பம்பாயின் படப்பிடிப்பு நிலையம். எச்.எம். ரெட்டி இயக்கி 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியான ‘காளிதாஸ்’ பம்பாய் இம்பீரியல் நிறுவனத்தில் உருவானது. அதே ஆண்டு மார்ச் 14இல் வெளிவந்த ‘ஆலம் ஆரா’வும் அங்கு எடுக்கப்பட்டதே. அருகில் ஓடிய இரயில்களின் ஓசைக்கு அஞ்சி ‘ஆலம் ஆரா’வைப் பெரும்பாலும் நள்ளிரவில் படமாக்கினர், இசைக்கருவியாளரைப் படக்கருவியின் பார்வைக்கு அப்பால் மறைத்து வைத்துப் பாடலை அப்போதே பதிவு செய்தனர். ‘காளிதா’ஸில் நடித்த டி.பி. இராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து சென்றவர். இவ்விரு படங்களின் படிகளும் இன்று கிடைக்கவில்லை. ஆகவே அக்காலப் பெண் நடிகரின் மேடைக் குரலை அறிய இசைத்தட்டையே நாட வேண்டியுள்ளது. நாடகம், கிராமபோன், தொடக்கக் காலத் தமிழ்ப்படம் ஆகியவற்றின் உறவைத் தம் 2007ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆராய்ந்த ஸ்டீபன் ஹியூஸ் திறந்த பாதை இது. ஒலியின் தரம் குறித்த ஆய்வு அதனைத் தொடர்தல் வேண்டும்.

மராத்தியர் இத்துறையில் நமக்கு முன்னே உள்ளனர். பால கந்தர்வரின் (1888–1967) நாட்டிய சங்கீதத் தட்டுகளை அவர்கள் தேடித் தொகுத்துப் பேசியுள்ளனர். மும்பையில் 1990இல் தோன்றிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் இதற்கென ஓர் இதழையே நடத்தியது. நம் பக்கத்தில் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் தொகுப்பும் வி.ஏ.கே. ரங்காராவின் தனிச் சேகரிப்பும் குறிப்பிடத்தக்கன. மும்பை சோர் பஜாரின் பழம்பொருட் கடைகளில் தட்டுகள் இன்னும் விலைக்கு வருகின்றன. தமிழ் எழுத்து அறியாத கடைக்காரர் அவற்றை ‘மதராசி’ என்ற ஒரே அடுக்கில் போட்டால், நாடகத் தட்டும் கச்சேரித் தட்டும் பிரித்தறியப்படாமலே போகும்.

குறுந்தகட்டு மறுவெளியீடுகள் வேறொரு சிக்கலை விளைவித்தன. இரைச்சலை நீக்கும் கணினி முறை, அரக்குத் தட்டின் உராய்வோசை இருக்கும் உயர் அதிர்வுகளையே வெட்டுகிறது. மின்பதிவால் கிடைத்த சிறிதளவு உரசொலியும் அங்கேதான் உள்ளது. சிலவற்றில் எதிரொலி சேர்த்து அரங்கத் தோற்றம் கொடுத்துள்ளனர். கேட்பதற்கு இனிமை, சான்றாக நோக்கின் கிட்டப்பா ஒருபோதும் நிற்காத ஓர் அரங்கு அது. நூலகப் பட்டியல்களோ பாடல் முதற்குறிப்பையும் பாடியவர் பெயரையும் மட்டுமே தருகின்றன. முகப்புத் தாளைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் பொறிக்கப்பட்ட பதிவெண், அச்சிட்ட வேகம், தட்டின் அளவு, மாற்றம் செய்யாத நேர்ப்படி உண்டா இல்லையா என்பன அப்பட்டியல்களில் இடம்பெறுவதில்லை. பதிவெண் இருப்பின் ஒரே பாடலின் இருவேறு பதிவுகளைப் பிரித்தறியலாம். கூம்புப் பதிவா மின்பதிவா என்பதையும் பெரும்பாலும் துணியலாம்.