தம்புள்ளையும் மடாட்டுகமையும்: இரு பள்ளிவாசல்களின் வரலாறு

மாத்தளை மாவட்டத்தில் முஸ்லிம்கள் சிறுபான்மையினர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, நூற்றுக்கு ஏறத்தாழ 9 பேர். கண்டி இராச்சிய காலத்தில் தவளம் மாடுகளில் பொதியேற்றி வணிகம் செய்தோரின் வழிவந்தவர்களும் இவர்களுள் அடங்குவர். கிழக்கிலங்கையைப் போன்று தொடர்ச்சியான முஸ்லிம் நிலப்பரப்பு இங்கில்லை. சிங்களக் கிராமங்களின் நடுவே சிதறி வாழும் சமூகம் இது. உலக இஸ்லாமிய இயக்கங்களை மலையக முஸ்லிம்கள் எதிர்கொண்ட விதத்தை விளங்கிக்கொள்ள இவ்வுண்மை அவசியமானது.

அயல் மாவட்டமான கண்டியிலிருந்தே தொடங்கலாம். எகிப்தில் பிரித்தானியரை எதிர்த்துத் தோற்ற அறபி பாஷா, 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு, பின்னர் கண்டியில் 1901 வரை வாழ்ந்தார். கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி சித்தி லெப்பை, 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். அறபி பாஷாவின் வருகை தந்த உற்சாகத்தைக் கிளர்ச்சிக்கன்றிக் கல்விக்கே அவர் திருப்பினார். 1892இல் கொழும்பு மருதானையில் உருவான மத்ரசா, ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது.

1950களில் தப்லீக் ஜமாஅத்தும் ஜமாஅத்தே இஸ்லாமியும் இலங்கையில் வேரூன்றின. 1977க்குப் பின்னர் வளைகுடா வேலைவாய்ப்பு, உடையிலும் வழிபாட்டிலும் மாற்றங்களைக் கொணர்ந்தது. கந்தூரியும் மௌலிதும் கூடுமா கூடாதா என்ற தர்க்கம் பல ஊர்களில் எழுந்தது. அது பெரும்பாலும் வீட்டுக்குள் நடந்த வழக்காகவே இருந்தது.

பின்னர் வெளியிலிருந்து வந்தது நெருக்கடி. 2012 ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை, பிக்குமார் உள்ளிட்ட கூட்டமொன்று தம்புள்ளைப் பள்ளிவாசலுக்குள் புகுந்தது. ஜும்ஆத் தொழுகை தடைப்பட்டது. புனித பூமியில் சட்டவிரோதமாகக் கட்டப்பட்டது என்பது குற்றச்சாட்டு. பல தசாப்தங்களாக உள்ளூர் வணிகர்கள் தொழுதுவந்த அப்பள்ளிவாசலுக்கும் எந்தவோர் உலக இயக்கத்துக்கும் என்ன தொடர்பு? கிழக்கில் ஹர்த்தால் நடந்தது. மாத்தளை முஸ்லிம்களோ, மறுநாளும் அதே சந்தையில் கடை திறக்க வேண்டியவர்கள்.

தம்புள்ளையிலிருந்து வடக்கே செல்லும் ஏ9 வீதியில், அநுராதபுர மாவட்டத்து மடாட்டுகமை உள்ளது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர், தேசிய தௌஹீத் ஜமாஅத்துடன் தொடர்புபட்டிருந்த பள்ளிவாசலொன்றை அவ்வூர் முஸ்லிம்களே இடித்தனர். பொலிஸ் சோதனைகளும் அயலவரின் சந்தேகமும் அவர்களை அந்த முடிவுக்குத் தள்ளின. யார் நிர்வகித்தாலும் பள்ளிவாசல் இறைவனுக்குரியது, அதைச் சேதப்படுத்தலாகாது என்பது அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமாவின் நிலைப்பாடு. மார்க்கச் சட்டப்படி அது சரியே. ஆயினும் ஊரார் தேடியது தீர்ப்பையன்று, அயலவரின் நம்பிக்கையை.

ஓரிடத்தில் பிறர் பள்ளிவாசலை அகற்றுமாறு கோரினர். மற்றோரிடத்தில் ஊர் முஸ்லிம்களே இடித்தனர். உலக இயக்கங்களின் கணக்கை உள்ளூர் முஸ்லிம்களிடம் வசூலிக்கும் வழக்கமே இரண்டுக்கும் பொது. அதனை மாற்றும் பொறுப்பு முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று.