ஹீட் சிங்க்கைப் பிடித்து வைத்தவை



கொம்பியூட்டர் வரலாறு என்றால் எல்லோரும் வேகத்தைத்தான் எழுதுகிறார்கள். எத்தனை மெகாஹேர்ட்ஸ், எத்தனை கோர் என்று. அந்த வேகத்தால் வந்த சூட்டை இழுத்தெடுக்கும் உலோகக் கட்டியை மதர்போட்டில் எப்படி அசையாமல் பிடித்து வைத்தார்கள் என்பதும் ஒரு வரலாறுதான். பிள்ளைகளுக்கு மெஷினைக் கழற்றிக் காட்டும்போதெல்லாம் எங்களுக்கு அது நினைவுக்கு வரும்.

1989இல் வந்த இன்டெல் 486க்கு ஆரம்பத்தில் ஹீட் சிங்க்கே தேவைப்படவில்லை. 1992இல் 66 மெகாஹேர்ட்ஸ் 486 வந்தபோது சின்னதாக ஒன்றை வைத்தார்கள். பென்டியத்தோடு விசிறியும் சேர்ந்தது. பாரம் கொஞ்சம்தானே? சொக்கட்டின் இரு பக்கத்திலும் நீட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் மூக்கில் ஒரு கம்பிக் கிளிப்பைக் கொளுவினால் வேலை முடிந்தது.

சூடு கூடியது, கட்டி பெருத்தது, மூக்கு மட்டும் அப்படியே இருந்தது. 2001இல் வந்த 1.4 கிகாஹேர்ட்ஸ் ஏஎம்டி எத்லன் ஏறத்தாழ 72 வாட் சூட்டைத் தந்தது. அதற்கேற்ற பாரமான ஹீட் சிங்க்கை இறுக்க, கிளிப்பைத் தட்டை ஸ்குரூ ட்ரைவரால் பலங்கொண்டு அமர்த்த வேண்டும். வழுக்கினால் மதர்போட்டின் செப்புக் கோடுகள் அறுந்துவிடும். சிப்பின் சிலிக்கனோ மூடியில்லாமல் வெளியே தெரிந்தது. நான்கு மூலையிலும் மெத்தென்ற சிறு வில்லைகள் இருந்தும், கட்டி சற்றுச் சரிந்து இறங்கினால் ஓரம் உடைந்துவிடும். கடைகளில் பையனின் கை சரியில்லை என்று ஏசுவார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. அந்த இடத்தில் அப்படி அமர்த்த வைத்த வடிவமைப்பைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அதே 2001இல் டாம்ஸ் ஹார்ட்வெயார் ஒரு வீடியோ வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட் சிங்க்கைக் கழற்றினார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துத் தப்பியது. எத்லன் சில விநாடிகளில் புகைந்தது. கிளிப் கழன்றால் என்ன நடக்கும் என்று அன்று எல்லோரும் கண்ணால் கண்டார்கள்.

இன்டெல் வேறு வழியில் போனது. சிப்புக்கு மேல் உலோக மூடி போட்டது. 2000இல் வந்த முதல் பென்டியம் 4இல் ஹீட் சிங்க்கின் பாரத்தைக் கேசிங்கே தாங்கும்படி ஸ்குரூ வைத்தது. அடுத்த வருடமே அது பிளாஸ்டிக் சட்டமும் இரண்டு நெம்புகோலுமாக மாறியது. 2004இல் நான்கு பிளாஸ்டிக் ஊசிகள் வந்தன. குறுக்காக எதிரெதிர் மூலைகளை 'டிக்' என்று கேட்கும்வரை அமர்த்த வேண்டும். பலகையைத் திருப்பி, நான்கும் மறுபக்கம் வந்திருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம். மூன்று இறங்கி ஒன்று தொங்கினாலும் மெஷின் ஓடும், சூடேறி அடிக்கடி நின்றுபோகும். மலிவு, வேகமாகப் பூட்டலாம். எங்களுக்குப் பிடிக்காத முறை.

2005இல் வந்த எக்ஸ்பொக்ஸ் 360இல் பலகைக்கு அடியில் எக்ஸ் வடிவ இரும்புத் தகடு ஹீட் சிங்க்கை இழுத்துப் பிடித்தது. சிவப்பு விளக்கு எரிந்து மெஷின்கள் வரிசையாகச் செத்தன. 2007இல் மைக்ரோசொப்ட் உத்தரவாதத்தை மூன்று வருடமாக்கி, 100 கோடி டொலருக்கு மேல் ஒதுக்கியது. திருத்துபவர்கள் தகட்டைக் குற்றஞ்சாட்டி, அதை எடுத்துவிட்டு நட்டும் வாஷரும் பூட்டினார்கள். சூடேறி ஆறி, சிப்பின் உள்ளே இருந்த இணைப்புகள் வெடித்ததுதான் காரணம் என்று 2021இல் மைக்ரோசொப்ட் சொன்னது. நட்டுப் பூட்டிய மெஷின்கள் பல சில மாதம் ஓடிவிட்டு மறுபடியும் சிவப்பைக் காட்டியது அதனால்தான்.