மனம் பாதித்து தப்பு செய்த சிப்பாய்: ராணுவ டிஸ்மிசை மாற்ற முடியுமா?

போர்முனையில் இருந்து திரும்பிய சிப்பாய் ராத்திரி தூங்க முடியாமல் அலறி எழுகிறார். குடிக்கிறார். டூட்டிக்கு வராமல் ஓடிப் போகிறார். 'ஒழுங்கீனம்' என்று சொல்லி ராணுவம் அவரை வீட்டுக்கு அனுப்புகிறது. தப்பு அவர் மேலா, அவரைப் பிடித்த நோய் மேலா? அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடக்கும் போராட்டம் இதுதான்.

சர்டிபிகேட் படுத்தும் பாடு

அங்கே ராணுவத்தை விட்டு வரும்போது எப்படிப்பட்ட சர்டிபிகேட் கிடைக்கிறது என்பதுதான் முக்கியம். 'கவுரவ விடுவிப்பு' என்றால் படிப்புக்கு உதவித்தொகை உண்டு. அதற்கு ஒரு படி கீழே இறங்கினாலே அது போச்சு. 'கவுரவமற்ற நிலை' என்று எழுதிவிட்டால் சிகிச்சை, உதவித்தொகை எல்லாமே சிக்கல்தான். வேலை கிடைப்பதும் கஷ்டம்.

2011 முதல் 2015 வரையிலான நிதி ஆண்டுகளில் ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர்கள் 91 ஆயிரத்து 764 பேர். இதில் 57 ஆயிரத்து 141 பேருக்கு மன அதிர்ச்சி நோய், மூளைக் காயம் அல்லது வேறு சில மன பாதிப்புகள் இருப்பதை நீக்கத்துக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் டாக்டர்கள் கண்டுபிடித்து இருந்தனர். அரசின் தணிக்கை அமைப்பு 2017-ல் இதை வெளியிட்டது. இவர்களில் 13 ஆயிரத்து 283 பேருக்கு 'கவுரவமற்ற நிலை' சர்டிபிகேட்தான் கிடைத்தது.

வியட்நாம் வீரர்கள் நிலைமை இன்னும் மோசம். போர் முடிந்தது 1975-ல். மன அதிர்ச்சி நோய்க்கு மருத்துவ நூலில் பெயர் வந்ததோ 1980-ல். நோய்க்குப் பெயரே இல்லாதபோது டாக்டர் சீட்டுக்கு எங்கே போவது?

4 கேள்விகள்

2014 செப்டம்பரில் ராணுவ மந்திரி சக் ஹேகல் ஓர் உத்தரவு போட்டார். அவரே வியட்நாமில் சண்டை போட்டவர். மன அதிர்ச்சி நோய் உள்ளவர்களின் மனுவை தாராள மனதோடு பார்க்க வேண்டும் என்றார். 2017 ஆகஸ்டில் மற்ற மனநோய்கள், மூளைக் காயம், பாலியல் கொடுமைக்கும் இது விரிவாக்கப்பட்டது.

மனுவை விசாரிக்கும் வாரியம் 4 கேள்விகள் கேட்க வேண்டும்.

1. நோயோ, கொடுமையோ இருந்ததா?

2. அது பணியில் இருந்தபோது வந்ததா?

3. செய்த தப்புக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

4. தப்பை விட நோயின் பாரம் பெரிதா?

டாக்டர் சீட்டு இல்லாவிட்டாலும் வீரரின் வாக்குமூலத்தையே ஆதாரமாக எடுக்கலாம். நீக்கப்பட்டு 15 ஆண்டுக்குள் என்றால் மறுஆய்வு வாரியம். அதைத் தாண்டினால் ஆவணத் திருத்த வாரியம்.

ஆனால் மனு போட்ட எல்லோருக்கும் விடிவு கிடைத்து விடாது. திட்டம் போட்டு செய்த குற்றத்துக்கு பொதுவாக நோயைக் காரணம் காட்ட முடியாது. குடித்ததும் ஓடிப் போனதும் நோயால்தான் என்று வாரியம் ஏற்றுக்கொண்டால், அந்த சிப்பாய்க்கு இழந்த மானம் திரும்பக் கிடைக்கும்.