எழுபத்தாறாவது இருக்கை: அமெரிக்க விமானிகளின் ஒப்பந்தங்களில் ‘ஸ்கோப்’ பிரிவின் வரலாறு

2019-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் ஒரு விசித்திரமான விமானத்தைச் சேவையில் இறக்கியது. 70 பேர் அமரக்கூடிய சி.ஆர்.ஜே.700 விமானத்திலிருந்து 20 இருக்கைகளைக் கழற்றினார்கள். காலியான இடத்தில் பெட்டிகளை அடுக்க அலமாரிகளும், முதல் வகுப்பினர் தாமே எடுத்துச் சாப்பிடத் தின்பண்ட மேடையும் வந்தன. அனுமதிக்கப்பட்ட உச்ச எடையையும் காகிதத்தில் குறைத்து, சி.ஆர்.ஜே.550 என்று புதுப்பெயர் சூட்டினார்கள். பயணிகளின் சொகுசுக்காக என்றது விளம்பரம். ஆனால் காரணம் விமானிகளுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இருந்தது. வெளி நிறுவனங்களிடம் ஒப்படைக்கக்கூடிய 70, 76 இருக்கை விமானங்களுக்கு அதில் எண்ணிக்கை வரம்பு உண்டு. 50 இருக்கை விமானம் என்றால்தான் மேற்கொண்டு சேர்க்க வழி இருந்தது.

எந்த விமானத்தை நிறுவனத்தின் சொந்த விமானிகள்தான் ஓட்ட வேண்டும், எதை வெளியாருக்கு விடலாம் என்று வரையறுக்கும் இந்தப் பகுதியை ‘ஸ்கோப்’ பிரிவு என்பார்கள். இதை நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் இடையிலான இழுபறியாக மட்டுமே பார்ப்பது வழக்கம். மூத்த விமானிகளுக்கும் இன்னும் வேலையில் சேராத விமானிகளுக்கும் இடையே நடந்த பேரமாகப் படித்தால்தான் இதன் வரலாறு பிடிபடும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு அடிப்படை பணிமூப்புப் பட்டியல். அமெரிக்க விமானியின் சம்பளம், ஓட்டும் விமானம், வசிக்கும் ஊர், விடுமுறை நாள் எல்லாவற்றையும் பட்டியலில் அவருக்குள்ள எண் தீர்மானிக்கிறது. பெரிய விமானம் என்றால் பெரிய சம்பளம். அந்த எண் நிறுவனத்தோடு ஒட்டியது. கையோடு எடுத்துப்போக முடியாது. இருபது ஆண்டு கேப்டனாக இருந்தவர் வேறு நிறுவனத்தில் சேர்ந்தால் பட்டியலின் கடைசியில், இளைய துணை விமானிக்குரிய சம்பளத்தில், மறுபடி தொடங்க வேண்டும். ஆகவே வழித்தடம் வெளி நிறுவனத்துக்குப் போனால் வேலைதான் போகிறது; விமானி அதன் பின்னால் போக முடியாது.

வெளியாரிடம் ஒப்படைக்கும் பழக்கம் சிறிய அளவில்தான் தொடங்கியது. 1967-இல் அலெகெனி ஏர்லைன்ஸ் தனக்குக் கட்டுப்படியாகாத சிறு ஊர்களின் சேவையை ஹென்சன் என்ற குட்டி நிறுவனத்திடம் தன் பெயரிலேயே நடத்தக் கொடுத்தது. பெரிய நிறுவனங்களின் விமானிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. பதினைந்து பேர் ஏறும் புரொப்பெல்லர் விமானத்தை ஓட்ட அவர்களில் யாருக்கும் ஆசையில்லை. 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட கட்டுப்பாடு நீக்கச் சட்டத்துக்குப் பிறகு கட்டணப் போட்டி மூண்டது. 1983-இல் கான்டினென்டல் தலைவர் ஃபிராங்க் லொரென்சோ தன் நிறுவனத்தைத் திவால் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய், ஒப்பந்தங்களைத் தூக்கியெறிந்து, ஏறத்தாழப் பாதிச் சம்பளத்துக்கு ஆட்களைத் திரும்ப எடுத்தார். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் திவால் சட்டத்தைத் திருத்தி, நீதிமன்ற ஒப்புதலின்றி ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கூடாது என்றது. ஒப்புதல் கிடைப்பது அவ்வளவு கடினமல்ல என்று பின்னர் தெரிந்தது.

நிலைமையை மாற்றியது ஒரு புதுவகை விமானம். 1993-இல் காம்ஏர் என்ற சிறு நிறுவனம் அமெரிக்காவில் முதன்முதலாக 50 இருக்கை ஜெட்டை, கனடா நாட்டுத் தயாரிப்பான சி.ஆர்.ஜே.யை, ஓட்டத் தொடங்கியது. பிரேசிலின் எம்ப்ரேர் சில ஆண்டுகளில் போட்டிக்கு வந்தது. பழைய புரொப்பெல்லர் விமானங்களைவிட நெடுந்தூரம் பறக்கும் இவை, பெரிய நிறுவனங்களின் சொந்த விமானங்கள் ஓடிய தடங்களிலேயே நுழைந்தன. 1997 பிப்ரவரி 15 நள்ளிரவில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் தொடங்கியபோது முதன்மையான சச்சரவு இதுதான்: இந்தச் சிறு ஜெட்களை யார் ஓட்டுவது? விமானத்துறைக்கும் பொருந்தும் ரயில்வே தொழிலாளர் சட்டத்தின்கீழ் அதிபர் கிளின்டன் சில நிமிடங்களிலேயே தலையிட்டு வேலைநிறுத்தத்தை நிறுத்தினார். முடிவில் அந்த வேலை துணை நிறுவனமான அமெரிக்கன் ஈகிளுக்கே போயிற்று. எத்தனை விமானம், எத்தனை இருக்கை என்ற வரம்பு மட்டும் சங்கத்துக்கு மிஞ்சியது.

சிறு ஜெட்களைத் தங்கள் பட்டியலுக்குள் கொண்டுவர அவற்றுக்கேற்ற குறைந்த சம்பளத்தைச் சங்கங்கள் அன்றே ஏற்றிருக்கலாம். அப்படி ஏற்றால் மொத்தச் சம்பள அளவும் சரியும் என்ற அச்சமும், ஓரளவு கௌரவமும் குறுக்கே நின்றன. விமானிகள் வேலையைக் காப்பாற்றாமல் விமானத்தின் அளவைக் காப்பாற்றினார்கள் என்பது என் கணிப்பு.

சிறு நிறுவன விமானிகளுக்கு இது வேறு மாதிரித் தெரிந்தது. காம்ஏரை டெல்டா வாங்கிய பிறகு இரண்டு பட்டியல்களையும் இணைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள், நடக்கவில்லை. இரு தரப்புக்கும் ஒரே சங்கம். தங்கள் வளர்ச்சிக்கு வரம்பு கட்டியதாக அந்தச் சங்கத்தின் மீதே ஒரு பிரிவினர் வழக்குத் தொடுத்தார்கள். 2001 மார்ச்சில் காம்ஏர் விமானிகள் தொடங்கிய வேலைநிறுத்தம் 89 நாள் நீடித்தது. அந்த நிறுவனமே 2012 செப்டம்பரில் மூடப்பட்டது.

செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் யு.எஸ். ஏர்வேஸ், யுனைடெட், டெல்டா, நார்த்வெஸ்ட் என அடுத்தடுத்துத் திவால் மனுக்கள் வந்தன. ஒவ்வொரு மறுபேச்சிலும் சம்பளம் குறைந்தது, சிலருக்கு ஓய்வூதியத் திட்டமும் போயிற்று. கூடவே வரம்பு 50-இலிருந்து 70, பிறகு 76 இருக்கை என்று தளர்ந்தது. பேரமேசையில் இருந்தவர்கள் பெரிய விமானங்களை ஓட்டிய மூத்தவர்கள். சம்பளத்தில் விழும் வெட்டைச் சற்றுக் குறைக்க அவர்களால் விட்டுக்கொடுக்க முடிந்தது, பின்னால் வரப்போகிறவர்களின் முதல் வேலையை. யு.எஸ். ஏர்வேஸில் ஆட்குறைப்புக்கு ஆளானவர்கள் துணை நிறுவன ஜெட்களில் குறைந்த சம்பளத்துக்கு இடம் பெற்றார்கள். தாங்கள் விட்டுக்கொடுத்த வேலைக்கே திரும்பி வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். 2007 டிசம்பரில் ஓய்வு வயது 60-இலிருந்து 65 ஆக, மேலே போகும் வரிசையும் நின்றது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்க உள்நாட்டுப் புறப்பாடுகளில் ஏறத்தாழப் பாதி இத்தகைய பிராந்திய நிறுவனங்களின் கையில் இருந்தது.

இந்த ஏற்பாட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்று பொதுமக்கள் பார்த்தது 2009 பிப்ரவரி 12-க்குப் பிறகுதான். கான்டினென்டல் பெயரில் கோல்கன் ஏர் இயக்கிய 3407 எண் விமானம் பஃபலோ அருகே விழுந்து 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்ததைக் காட்டிய எச்சரிக்கைக்குக் கேப்டன் தவறாக எதிர்வினை ஆற்றியதே காரணம் என்றது விசாரணை வாரியம். சோர்வு எவ்வளவு பங்கு வகித்தது என்று அதனால் அறுதியிட முடியவில்லை. ஆனாலும் விசாரணையில் வெளிவந்த ஒரு விவரம் மக்கள் மனதில் தங்கிவிட்டது: துணை விமானி முந்தைய இரவு மேற்குக் கரையிலிருந்து வேறு விமானங்களில் தொற்றிக்கொண்டு நியூவர்க் வந்திருந்தார். இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதால் 2010-இல் சட்டம் வந்தது. பயணிகள் விமானத்தின் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேர அனுபவம் வேண்டும் என்ற விதி 2013-இல் நடைமுறைக்கு வந்தது. டிக்கெட் விற்கும்போது உண்மையில் விமானத்தை ஓட்டும் நிறுவனத்தின் பெயரைச் சொல்வதும் கட்டாயமானது.

மறுதிசையில் ஒரு பேரமும் உண்டு. 2012-இல் டெல்டா விமானிகள் 76 இருக்கை விமானங்களைக் கூடுதலாக அனுமதித்தார்கள்; பதிலுக்கு 50 இருக்கை விமானங்களைப் பெருமளவு குறைக்கவும், சொந்த விமானிகள் ஓட்டும் 88 போயிங் 717-களைச் சேர்க்கவும் நிர்வாகம் ஒப்புக்கொண்டது. வெளியே போகும் ஒவ்வொரு விமானத்துக்கும் உள்ளே வருவது இவ்வளவு என்று கணக்குப் போட்ட இந்த முறை, விகிதத்தைப் பேசாமல் வெறும் உச்சவரம்பை மட்டும் பேசிய முந்தைய ஒப்பந்தங்களைவிடப் புத்திசாலித்தனமானது.

விளைவுகள் அமெரிக்காவோடு நிற்கவில்லை. 76 இருக்கை, 86,000 பவுண்டு எடை என்ற வரம்பைத் தாண்டிய கனத்தோடு எம்ப்ரேரின் புதிய இ175-இ2 உருவானது. அமெரிக்கப் பிராந்திய நிறுவனங்களால் வாங்க முடியாததால் திட்டம் 2022-இல் நிறுத்திவைக்கப்பட்டது. எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும் பழைய இ175 அதே காரணத்தால் தொடர்ந்து விற்பனையானது. இந்த வரம்பு தளரும் என்று நம்பிய நிறுவனங்களில் ஜப்பானின் மிட்சுபிஷியும் ஒன்று. பல தாமதங்களையும் செலவையும் தாங்க முடியாமல் 2023 பிப்ரவரியில் தன் ஜெட் திட்டத்தைக் கைவிட்டது.

கொரோனா காலத்தில் மூத்தவர்களை முன்கூட்டியே ஓய்வுக்கு அனுப்பிய நிறுவனங்கள் 2022-இல் விமானி கிடைக்காமல் தவித்தன. அமெரிக்கனின் துணை நிறுவனங்கள் அவ்வாண்டு சம்பளத்தைத் தடாலடியாக உயர்த்தின. 2023 மார்ச்சில் டெல்டா விமானிகள் நான்கு ஆண்டுகளில் 34 சதவீத உயர்வு பெற்றார்கள். யுனைடெட்டும் அமெரிக்கனும் அதே வழியில் வந்தன. கையில் இவ்வளவு பலம் இருந்தபோதும் மூன்று நிறுவனங்களின் விமானிகளும் ஏற்கெனவே வெளியே போன 76 இருக்கை விமானங்களைத் தங்கள் பட்டியலுக்குத் திரும்பக் கொண்டுவரவில்லை. உச்சவரம்பை அப்படியே வைத்துக்கொண்டு சம்பளத்தை வாங்கிக்கொண்டார்கள்.