ஈயத்தில் வார்த்த தமிழ்

தமிழ் அச்செழுத்துக்களின் வளர்ச்சியைக் காட்டும் கண்காட்சியொன்றினை அண்மையில் நாம் கண்டோம். வந்தோரிற் பெரும்பாலார் எழுத்தின் வளைவையும் வனப்பையுமே வியந்து நின்றனர். வனப்பு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும், எழுத்தின் பருமனிலே நம் மக்களின் கல்வி வரலாறும் அடங்கிக் கிடக்கின்றது என்பதே நமக்குப் பெரிதாகத் தோன்றியது.

1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கச் சிறு நூல். 1577இற் கோவாவில் வார்த்த எழுத்தும், மறு ஆண்டு கொல்லத்தில் வார்த்த எழுத்தும் அதன் இறுதிப் பக்கத்திலே காட்டப்பட்டுள்ளன. மெய்களுக்குப் புள்ளி இல்லை. எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை பழுதுபடும் என்று ஏடெழுதுவோர் அதனை விடுத்தனர். ஈயத்துக்கு அவ்வச்சம் இல்லை. எனினும் வார்த்தவர்கள் ஏட்டைப் பார்த்தே வார்த்தனர்.

தரங்கம்பாடியில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. 1713இல் ஜேர்மனியின் ஹலே நகரிலிருந்து வந்த தமிழெழுத்து மிகப் பெரிது. காகிதமோ கடல் கடந்து வரவேண்டும். சீகன்பால்கு புதிய ஏற்பாட்டின் முற்பகுதியை அவ்வெழுத்தில் 1714இல் அச்சிட்டார். இவ்வாறே சென்றாற் காகிதம் கட்டாது. எனவே சிறிய எழுத்து அங்கேயே வார்க்கப்பட்டது. அதற்கு ஈயம் எங்கே? இலண்டனிலிருந்து சங்கத்தார் அனுப்பிய பாலாடைக் கட்டிகளின் ஈய உறைகளை உருக்கினர்! மீதிப் பகுதி 1715இற் சிறிய எழுத்தில் வெளிவந்தது. எழுத்துச் சிறுத்தது அழகு கருதியன்று, காகிதம் கருதியே. ஒரு நூலின் விலையில் ஏழை எட்டத்தக்கது எவ்வளவு என்பதும் இந்தக் கணக்கிலேதான் தங்கியிருந்தது.

நமது யாழ்ப்பாணத்திலோ எழுத்து வருமுன்பே தடை வந்தது. 1820இல் அமெரிக்க மிஷனுக்கென வந்திறங்கிய அச்சாளர் ஜேம்ஸ் காரெற் என்பவரைப் பதில் ஆளுநர் எட்வேட் பார்ன்ஸ் நாட்டைவிட்டு வெளியேறப் பணித்தார். ஈயத்துண்டுகளுக்கு ஓர் அரசு அஞ்சிய கதை இது. 1834இலேயே மானிப்பாயில் அம்மிஷனின் அச்சகம் இயங்கத் தொடங்கியது; 1841இல் ‘உதயதாரகை’ எழுந்தது, மறு ஆண்டு மானிப்பாய் அகராதி வந்தது. 1849இல் ஆறுமுக நாவலர் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். மிஷனரிமாரின் கருவியை அவர்க்கெதிரே திருப்பிய அச்செயலின் பெருமையை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆனால் அச்சு மலிந்த அளவுக்குப் பள்ளிக் கதவு திறந்ததா? தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகள் வகுப்பறையில் வாங்கில் சமமாக அமர்வதற்கு இருபதாம் நூற்றாண்டிலும் போராட வேண்டியிருந்தது. நூல் கிடைத்தது, எழுத்தறிவு மறுக்கப்பட்டது.

இன்னொரு கூட்டத்தாரையும் வரலாறு மறந்துவிட்டது. ஈயத்தூசியைச் சுவாசித்து, நூற்றுக்கணக்கான கட்டங்களிலிருந்து எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தலைகீழாகப் படித்துக் கோத்தவர்கள் அவர்கள். வார்த்தோர், அச்சிட்டோர், பதிப்பித்தோர் பெயர்கள் சிலவேனும் எஞ்சின. கோத்தவர் பெயரை எத்தனை நூல்களிற் காண்கிறோம்?

‘ணை’, ‘லை’, ‘ளை’, ‘னை’ முதலிய 13 எழுத்துக்களின் பழைய தனி வடிவங்கள் அவர்களின் சுமையைப் பெருக்கின. பெரியார் 1935 முதலே ‘குடி அரசு’ இதழிற் சீரிய வடிவங்களைக் கையாண்டார். தமிழ்நாட்டரசு 1978இல் அவற்றை ஏற்றது. எழுத்தை மாற்றினால் மொழி அழியும் எனப் பண்டிதர் சிலர் அஞ்சினர். நம் வகுப்பிலே பிள்ளைகள் பழைய பதிப்பொன்றைத் திறந்தால், அந்த யானைத் தும்பிக்கை ‘லை’யைக் கண்டு முதலிற் சிரிக்கின்றனர், இரண்டு நாளிற் பழகிப் படித்துவிடுகின்றனர்.